எலி மேல போட்ட பழி

"விவசாயிக்கு எதுக்குய்யா ஏசி காரு?"

எங்க ஊர்ல இந்தக் கேள்வியை என்கிட்ட கேக்காத ஆள் கம்மி. டிராக்டர் வாங்கியிருந்தா கேட்டிருக்க மாட்டாங்க. கார் வாங்கிட்டேன், அதனால கேக்கறாங்க. மூணு போகம் மல்லாட்டை வித்த காசும் பாங்க் கடனும் சேர்ந்த வண்டி அது. விலை ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. (மல்லாட்டைன்னா உங்க ஊர் வேர்க்கடலை. மணிலாக்கொட்டைங்கறது தேஞ்சு எங்க வந்தவாசிப் பக்கம் மல்லாட்டை ஆயிடுச்சு.)

நிஜத்தைச் சொல்லணும்னா நான் ஏசி போடறதே இல்லை. கண்ணாடியை இறக்கி விட்டாத்தான் எவன் கழனியில என்ன போட்டிருக்கான், எந்தக் கொல்லைக்குத் தண்ணி பத்தலைன்னு பாத்துக்கிட்டே போக முடியும். ஆனா போன மே மாசம் அந்த ஏசி எனக்கு வேண்டியிருந்துச்சு. அப்பதான் அது நின்னு போச்சு.

அம்மாவுக்கு வலது கண்ல புரை. எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில ஆபரேஷன். 1819-ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி, இருநூறு வருஷத்தைத் தாண்டி ஓடிக்கிட்டு இருக்கு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. வெளிய வரும்போது டாக்டரம்மா எனக்குத் தனியா சொன்னாங்க: "கண்ல தண்ணி படக்கூடாது, தூசு படக்கூடாது. ஊருக்குக் கூட்டிட்டுப் போகும்போது கண்ணாடியை ஏத்திட்டுப் போங்க."

எங்க ஊர் சென்னையிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். தாம்பரம், செங்கல்பட்டு, உத்திரமேரூர் வழியா மூணு மணி நேரம். கத்திரி வெயில்ல கண்ணாடியை ஏத்திக்கிட்டு ஏசி இல்லாம அந்த மூணு மணி நேரத்தைக் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. எழுபத்தாறு வயசு அம்மா, ஒரு கண்ணுல கட்டு.

ஆஸ்பத்திரியிலிருந்து திருவல்லிக்கேணியில இருக்கற அக்கா வீட்டுக்கு வந்தது மூணு நாலு கிலோமீட்டர்தான். அதுக்கே அம்மாவுக்கு வேர்த்துக் கொட்டிருச்சு. வேர்வை கட்டுக்குள்ள எறங்கிடுமோன்னு அக்கா பேப்பரால விசிறிக்கிட்டே வந்தாங்க. ஏசி ஓடற சத்தம் கேக்குது, காத்து வருது, குளிர்ச்சி மட்டும் இல்ல. அனல் காத்து.

அக்கா வீடு பார்த்தசாரதி கோயிலுக்குப் பின்பக்கத் தெருவுல. ஒரு கார் நின்னா இன்னொரு கார் போக முடியாது. மாடு படுத்திருந்தா ரெண்டுமே போக முடியாது. தெருமுனையில எடம் பாத்து வண்டியை நிறுத்திட்டு வந்தேன். மறுநாள் காலையில சர்வீஸ் சென்டர்ல விட்டேன். எந்தக் கம்பெனி, எந்த சர்வீஸ் சென்டர்ங்கறது இங்க வேண்டாம். வண்டி வாங்கி ரெண்டு வருஷம் ரெண்டு மாசம். வாரண்டி 3 வருஷம். அந்தத் தைரியத்துல திரும்பி வந்து அக்கா கையால ரெண்டாவது காபி குடிச்சேன்.

பதினோரு மணிக்குப் போன் வந்துச்சு.

"சார், எலி கடிச்சிருக்கு. வாரண்டியில வராது. எஸ்டிமேட் வாட்ஸப்ல அனுப்பியிருக்கேன், ஓகே சொன்னீங்கன்னா வேலையை ஆரம்பிச்சுடலாம்."

ஏசி பைப், வயரிங் செட், கேஸ், லேபர். மொத்தம் 27,600 ரூபாய். கூடவே ரெண்டு போட்டோ. ஒண்ணுல பானெட்டுக்கு அடியில ஒட்டியிருக்கற பஞ்சு மெத்தையைக் கடிச்சுக் குதறியிருக்கு. இன்னொண்ணுல ரெண்டு வயர், தோல் உரிஞ்சு செப்புக் கம்பி தெரியுது.

எனக்குப் பேச்சே வரல. ஏன்னா போட்டோவுல இருந்தது எலி வேலைதான். எலிக்கும் எனக்கும் முப்பது வருஷப் பகை. நெல்லு பால் பிடிக்கற நேரத்துல அறுத்துப் போடும், மல்லாட்டையைத் தோண்டித் தின்னும், பம்புசெட் வயரைக் கடிச்சு மோட்டாரை நிறுத்தும். அதுவும் இல்லாம ஊர்ல நான் வண்டியை நிறுத்தற எடம் வைக்கோல் போருக்குப் பக்கத்துல. அங்க நிறுத்தாதேன்னு என் வீட்டுக்காரம்மா பத்து தடவை சொல்லியிருக்கா. தப்பு என் மேலதான்னு மனசு ஒத்துக்கிச்சு. 'சரி, பண்ணுங்க'ன்னு டைப் அடிச்சு அனுப்பப் போனேன்.

அவசரத்துக்கு இன்னொரு காரணமும் இருந்துச்சு. ஊர்ல மல்லாட்டை பிடுங்கற பக்குவத்துல நிக்குது. நூத்தி அஞ்சு நாள் பயிர். நாங்க போடற கொத்து ரகத்துக்கு உறக்க காலம் கிடையாது. முத்தினதும் பிடுங்கணும். ஒரு கோடை மழை பேஞ்சா மண்ணுக்குள்ளயே காயிலிருந்து முளை வந்துடும். சென்னையில நான் உக்காந்திருக்கற ஒவ்வொரு நாளும் வானத்தைப் பாத்துக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன்.

அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுக் கூடத்துல நாற்காலியில சாஞ்சிருந்தாங்க. நான் அக்காகிட்ட சொன்னது காதுல விழுந்திருக்கு.

"எதைடா எலி கடிச்சுது?"

"ஏசி பைப்பும்மா. ரப்பர் பைப்பு."

"பைப்பைக் கடிச்சிருந்தா துருவல் கெடக்குமே. பாத்தியா?"

"போட்டோ அனுப்பியிருக்காங்கம்மா."

"பைப்பு போட்டோவா?"

மறுபடி எடுத்துப் பாத்தேன். பஞ்சு இருக்கு, வயர் இருக்கு. பைப் போட்டோ இல்லை.

இந்த எடத்துல எலியைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். எலியோட முன்பல்லு ஆயுசு பூரா வளர்ந்துக்கிட்டே இருக்கும். எதையாவது கொறிச்சுத் தேய்ச்சாத்தான் வாயை மூட முடியும். அதனாலதான் திங்கறதுக்கு ஆகாத மரம், ரப்பர், வயர் எல்லாத்தையும் கொறிக்குது. கொறிச்சதை முழுங்கறதில்ல, துப்பிட்டுப் போயிடும். அதுதான் அம்மா சொன்ன துருவல். மேல ரெண்டு பல்லு, கீழ ரெண்டு பல்லுங்கறதால தடம் எப்பவும் ஜோடி ஜோடியா இருக்கும், ரெட்டை ஏர் ஓட்டின மாதிரி. சின்ன வயசுல இதை எனக்குச் சொல்லிக் குடுத்தது எங்க ஊர் இருளர் பெரியவர் ஒருத்தர். தஞ்சாவூர்ப் பக்கம் மூங்கில்ல வில்லு மாதிரி வளைச்சு கிட்டி வெச்சு எலி பிடிப்பாங்க. எங்க பக்கம் இருளர்கள் வரப்புல வளையைத் தோண்டிப் பிடிப்பாங்க. உள்ள எலி இருக்கா, எந்த வழியா ஓடும்னு வளை வாசல் மண்ணைப் பாத்தே அவர் சொல்லிடுவார். பாக்காம ஒரு தடவைகூட மம்முட்டியைப் போட மாட்டார்.

சர்வீஸ் சென்டருக்குத் திரும்பப் போனேன். பைப்பைப் பாக்கணும்னு கேட்டேன். "ஒர்க் ஷாப்புக்குள்ள கஸ்டமரை விடறதில்ல சார், சேஃப்டி ரூல்." கழட்டிக் காட்டுங்கன்னேன். "கழட்டினா லேபர் சார்ஜ் ஆகும் சார்." அந்தப் பையன் மரியாதையாத்தான் பேசினான். ஆனா ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு கதவு சாத்திச்சு. பாத்ததுக்குக் கூலி 590 ரூபாய் கட்டிட்டு, வேலை எதுவும் செய்யாமலே வண்டியை எடுத்துக்கிட்டு வந்தேன்.

சாயங்காலம் மாமா (அக்கா வீட்டுக்காரர்) ஜாம் பஜார் பக்கம் ஒரு சந்துக்குக் கூட்டிட்டுப் போனார். பத்தடிக்கு எட்டடியில ஒரு கடை. கார் ஏசி வேலை மட்டும் முப்பது வருஷமா செய்யற ஒரு பாய். விஷயத்தைக் கேட்டதும் அவர் முதல்ல செஞ்ச காரியம், கையில இருந்த ஸ்பேனரைக் கீழ வெச்சது.

"தம்பி, நான் ஒரு போல்ட்டைத் திருப்பினாலும் 'வெளியாள் கை வெச்சுட்டான்'னு வாரண்டியை முடிச்சுடுவாங்க. கண்ணால பாக்கறேன். அவ்வளவுதான். நீங்க போன்ல வீடியோ எடுங்க."

டார்ச் அடிச்சு, பல் டாக்டர் வெச்சிருக்கற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடியை உள்ள விட்டுப் பாத்தார். பாத்துக்கிட்டே எனக்குப் பாடம் நடத்தினார். அது உங்களுக்கும் உதவும்னு எழுதறேன்.

ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போற பொருள் இல்லை. மூடின குழாய்க்குள்ள அதுவே சுத்திச் சுத்தி வரும். கம்ப்ரசர் அதை அழுத்தும், முன்னாடி இருக்கற கண்டன்சர்ல சூட்டை விடும், டாஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கற கூலிங் காயில்ல விரிஞ்சு குளிரும், திரும்பக் கம்ப்ரசருக்கு வரும். கேஸ் குறைஞ்சிருக்குன்னா எங்கயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம். ஓட்டையைத் தேடாம கேஸ் மட்டும் ரொப்பறது, ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தற மாதிரி. அந்த கேஸோட கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்து சுத்தும். அதனால எங்க கசியுதோ அங்க எண்ணெய்ப் பிசுக்கு கசிஞ்சு, அதுல தூசு ஒட்டிக் கறுப்பா நிக்கும். ரொம்ப அழுத்தம் குறைஞ்சா கம்ப்ரசர் ஓடாதபடி ஒரு ஸ்விட்ச் தடுத்துடும். அதனால என் கம்ப்ரசர் பொழச்சுது.

"இங்க பாருங்க தம்பி."

கம்ப்ரசருக்குப் போற ரப்பர் பைப். ஒரு இரும்புப் பட்டையை ஒட்டிப் போற எடத்துல கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பா எண்ணெய்த் திட்டு. பாய் சோப்புத் தண்ணியைக் கொஞ்சம் தெளிச்சார், சைக்கிள் டியூப் பஞ்சர் பாக்கற மாதிரி. மிச்சமிருந்த கேஸ் மெதுவா முட்டை முட்டையா வந்துச்சு. தண்ணியைத் துடைச்சுட்டு டார்ச் அடிச்சார். அந்த எடம் மட்டும் ஒரு பக்கமா வழவழன்னு தேஞ்சு தட்டையா இருந்துச்சு. பல்லு தடம் கிடையாது, துருவல் கிடையாது. பட்டையில ஒரு கிளிப் மாட்டற ஓட்டை காலியா இருந்துச்சு.

"இந்த ஓட்டையில கிளிப் இருந்து பைப்பைப் பிடிச்சிருக்கணும். இல்ல. வண்டி ஓடற அதிர்வுல பைப்பு இரும்புல உரசி உரசித் தேஞ்சு போச்சு. இது எலி இல்ல தம்பி, தேய்மானம்."

எனக்கு வந்த சந்தோஷத்துல அவர் கையைப் பிடிச்சுட்டேன். அவர் டார்ச்சை இன்னொரு பக்கம் திருப்பினார்.

"இருங்க. இந்த ரெண்டு வயரு இருக்கு பாருங்க, கம்ப்ரசருக்குப் போறது. இது எலிதான்."

தடம் ஜோடி ஜோடியா. பேட்டரி தட்டுக்கு அடியில ஒரு கைப்பிடி துருவல். அதுல கலந்து மல்லாட்டைத் தோல். திருவல்லிக்கேணிப் பெருச்சாளி மேல பழி போடலாம்னு ஒரு நிமிஷம் நெனச்சிருந்தேன். மல்லாட்டைத் தோலோட வந்திருக்குன்னா எங்க ஊர்க்காரன்தான்.

ஆக, உண்மை ரெண்டா இருந்துச்சு. பைப் அவங்க தப்பு. வயர் என் தப்பு. அவங்க பெரிய தப்பை என்னோட சின்னத் தப்புக்குள்ள சுருட்டி வெச்சு 27,600-ன்னு எழுதிட்டாங்க.

பாய் காசு வாங்கல. டீ மட்டும் குடிச்சார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மாமா ஒரு விஷயம் சொன்னார். கடைக்காரன் சொன்னதுதான் விலை, குடுத்ததுதான் சரக்குன்னு இருந்த காலத்துல, வாங்கற ஜனங்களே ஒண்ணு சேர்ந்து கடை வெச்ச ஊர் திருவல்லிக்கேணி. 1904-ல ஆரம்பிச்ச திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவு சங்கம். டி.யூ.சி.எஸ்.னு சொன்னா சென்னைக்காரங்களுக்குத் தெரியும். இந்தியாவோட முதல் நுகர்வோர் கூட்டுறவு கடைன்னு அதைத்தான் சொல்றாங்க. "அந்த ஊர்ல வந்து ஏமாந்துட்டுப் போகாதய்யா"ன்னார்.

ராத்திரி வண்டியில இருந்த ஒரு பழைய விதைப் பையை எடுத்துட்டு வந்து கூடத்துல கொட்டினேன். உரம், மருந்து, டீசல், வண்டி எல்லா பில்லும் அதுக்குள்ளதான். இந்தப் பழக்கம் எனக்குச் சூடு பட்டு வந்தது. சில வருஷம் முன்னாடி கடையில வாங்கின நெல் விதை பாதிதான் முளைச்சுது. கேக்கப் போனா, "பையில இருந்த டேக் எங்க? பில்லு எங்க? விதை மிச்சம் இருக்கா, டெஸ்ட் பண்ணிப் பாப்போம்"னாங்க. பையை மாட்டுக் கொட்டகையில சாக்காப் போட்டுட்டேன். விதையெல்லாம் மண்ணுக்குள்ள. வெறுங்கையோட வந்தேன்.

பிறகுதான் தெரிஞ்சுது, இதே கேள்வி சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்குன்னு. தேசிய விதைக் கழகத்துக்கு எதிரா ஆந்திர விவசாயிகள் ஜெயிச்ச வழக்கு, 2012 ஜனவரியில தீர்ப்பு. விவசாயியும் நுகர்வோர்தான், வாங்கின விதை முழுக்க விதைக்கறவன் பின்னாடி டெஸ்டுக்கு வேணும்னு எடுத்து வெச்சிருப்பான்னு எதிர்பார்க்க முடியாதுன்னு கோர்ட் சொல்லிச்சு. தீர்ப்பு நம்ம பக்கம்தான். இருந்தாலும் ஒவ்வொருத்தனும் டெல்லி வரைக்கும் போக முடியுமா? அன்னையிலிருந்து பை, டேக், பில்லு, ஒரு கை விதை எல்லாம் எடுத்து வெச்சுடுவேன்.

அந்தக் குப்பைக்குள்ள கெடைச்சுது, பிப்ரவரி மாச சர்வீஸ் பில். இதே கம்பெனியோட எங்க பக்கத்துக் கிளை. 'ஏசி கேஸ் டாப்-அப், 2,150 ரூபாய்.' கூலிங் கம்மியா இருக்குன்னு நான் சொன்னதுக்கு ரொப்பிக் குடுத்திருக்காங்க. அப்ப வயர் நல்லா இருந்துச்சு, பஞ்சு நல்லா இருந்துச்சு. ஓட்டை மட்டும் அப்பவே இருந்திருக்கு. யாரும் தேடல. நானும் கேக்கல.

மாமா ரிட்டயர்டு குமாஸ்தா, சட்ட விஷயம் கொஞ்சம் தெரியும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல புதுசா வந்து, 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில இருக்கு. பழைய சட்டத்துல விக்கறவன் இருக்கற ஊர்லயோ பிரச்சினை நடந்த ஊர்லயோதான் வழக்குப் போடணும். இப்ப நாம குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம். எனக்குத் திருவண்ணாமலையே போதும். வாங்கின பொருளோட விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணமே இல்லை, 10 லட்சம் வரைக்கும் 200 ரூபாய். பிரச்சினை வந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். வக்கீல் வெக்கணும்னு கட்டாயம் இல்லை. அதுக்கு முன்னாடி 1915-ங்கற நம்பர்ல தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் போன் பண்ணிப் புகார் பதியலாம். "ஆனா இதையெல்லாம் முதல்லயே எடுத்து வீசாத. முதல்ல பொருளைப் பேச விடு"ன்னார்.

மறுநாள் சர்வீஸ் சென்டர்ல மேனேஜரைப் பாக்கணும்னு உக்காந்தேன். ஒரு மணி நேரம் கழிச்சு வந்தார். நான் சத்தம் போடல. ரெண்டே ரெண்டு கேட்டேன்.

"சார், பைப்பை எலி கடிச்சிருக்குன்னு ஜாப் கார்டுல எழுதி, பைப்போட போட்டோவை அதோட சேர்த்துக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ரெண்டாவது, நான் காசு கட்டி மாத்தறதா இருந்தா பழைய பைப்பு எனக்கு வேணும். அது என் பொருள். வாரண்டியில மாத்தினா நீங்களே எடுத்துக்குங்க, கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும்னு எனக்கும் தெரியும்."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பாத்தார். பிறகு பிப்ரவரி பில்லைக் கையில வாங்கிப் பாத்தார். வீடியோவைப் பாத்தார். எழுந்து, "வாங்க சார்"னு ஒர்க் ஷாப்புக்குள்ள கூட்டிட்டுப் போனார். சேஃப்டி ரூல் அன்னைக்கு லீவு போல. வண்டியைத் தூக்கி, அவரே டார்ச் அடிச்சுப் பாத்தார். காலியா இருந்த கிளிப் ஓட்டையில விரலை வெச்சார். நல்ல மனுஷன், மழுப்பல.

"கம்பெனிக்கு அனுப்பி அப்ரூவல் வாங்கறேன் சார். ரெண்டு நாள் குடுங்க. வயர் மட்டும் உங்க கணக்கு."

"வயர் என் கணக்குதான் சார். ஆனா முழு செட் மாத்த வேண்டாம். ரெண்டு வயர்தான். வெட்டி, சால்டர் வெச்சு, மேல உறை போட்டுக் குடுங்க."

ரெண்டு நாள்னு சொன்னது மூணு நாள் ஆச்சு. பைப், கிளிப், கேஸ், லேபர் எல்லாம் வாரண்டியில வந்துச்சு. வயர் வேலைக்கு நான் கட்டினது 1,850 ரூபாய். அந்த வேலையைச் செஞ்ச பையன் திண்டிவனத்துக்காரன். வண்டியைக் குடுக்கும்போது மெதுவா சொன்னான்: "தப்பா நெனைக்காதீங்கண்ணா. பானெட்டைத் தொறந்ததும் எலிப் புழுக்கை தெரிஞ்சா அதோட தேடறதை நிறுத்திடுவோம். ஒரு நாளைக்கு இத்தனை வண்டின்னு கணக்கு இருக்கு."

அவன்மேல எனக்குக் கோவம் வரல. யாரும் என்னை ஏமாத்தத் திட்டம் போடல. கண்ணுக்கு முதல்ல பட்ட காரணத்தோட எல்லாரும் நின்னுட்டாங்க. ஆனா அப்படி நின்னதுக்கான பில்லு என் பேருக்கு வந்துச்சு.

கார்ல எலிங்கறது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவுல 2016-ல டொயோட்டா மேல வழக்கே போட்டாங்க, வயர் உறையில சோயா கலந்த பிளாஸ்டிக் இருக்கறதாலதான் எலி தேடி வருதுன்னு. ஹோண்டாக்காரங்க மிளகாய்க் காரம் ஏத்தின டேப்பே விக்கறாங்க, வயர் மேல சுத்தறதுக்கு. சோயா கதையில எனக்கு நம்பிக்கை இல்லை. சோயாவைக் கண்ணால பாக்காத எங்க ஊர் எலி, பம்புசெட்டோட பழைய வயரையும் விட்டு வெச்சதில்ல. வைக்கோல் போர், தீவன மூட்டை பக்கத்துல வண்டியை நிறுத்தாம இருக்கறதும், வாரம் ஒரு தடவை பானெட்டைத் தொறந்து பாக்கறதும்தான் நான் கண்ட மருந்து. சென்னையில இருக்கறவங்க ஹோட்டல் பின்பக்கம், குப்பைத்தொட்டி பக்கம் நிறுத்தாதீங்க.

ஆறாவது நாள் காலையில கெளம்பினோம். தாம்பரம் தாண்டறதுக்குள்ள அம்மா சொன்னாங்க: "ரொம்ப ஜில்லுன்னு இருக்குடா, கம்மி பண்ணு." இதுக்குத்தான் இவ்வளவு பாடு.

நாலாவது நாள் ராத்திரி ஊர்ல மழை பேஞ்சிருந்துச்சு. ஆளுங்களை வெச்சு முக்கால்வாசியைப் பிடுங்கிட்டா என் வீட்டுக்காரம்மா. மிச்சத்துல ரெண்டு மூட்டை அளவுக்கு முளை விட்டுப் போச்சு. அதை எந்த ஜாப் கார்டுலயும் எழுத முடியாது.

முளைச்ச காயைக் கையில வெச்சுக்கிட்டு களத்துல நின்னப்பதான் வேற ஒண்ணு உறுத்திச்சு. போன வருஷம் பக்கத்துக் கொல்லைக்காரர் விதைக்குன்னு என்கிட்ட மல்லாட்டை வாங்கினார். பத்து நாள் கழிச்சு வந்து, "மச்சான், விதை திட்டுத் திட்டாத்தான் மொளைச்சிருக்கு, வந்து பாரேன்"னார். நான் அன்னைக்கு வேற வேலையா இருந்தேன். திண்ணையில உக்காந்தபடியே, "எலி தோண்டித் தின்னிருக்கும்"னு சொல்லி அனுப்பிட்டேன். போய்ப் பாக்கல. காசு குடுத்து வாங்கின மனுஷன், அதுக்கு மேல ஒண்ணும் பேசாம போயிட்டார்.

அன்னைக்குச் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். ஒரு மூட்டை விதைக்காய் எடுத்துட்டுப் போயிருந்தேன். திருவல்லிக்கேணியில நடந்த கதை முழுக்கச் சொல்லிட்டு, "மச்சான், போன வருஷம் அது எலியா, என் விதையா?"ன்னு கேட்டேன்.

அவர் சிரிச்சார்.

"இப்ப எப்படிச் சொல்றது? அன்னைக்கு வந்து மண்ணைக் கிளறிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

மூட்டையை வாங்கிக்கிட்டார்.